தாழ்மையுடன்

தம்பு செட்டித் தெருவில்
செராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே
இரண்டு முழ இடம் எனக்கு.
உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரம்
இங்கிருந்து பாதிதான் தெரியும்.
மீதியை நகைக்கடை விளம்பரம் மறைக்கிறது.

மனு அடிக்க உட்கார்ந்தது எழுபத்தாறில்.
பழைய ரெமிங்டன்.
அதில் 'ஆ' மட்டும் வரியில் நிற்காது,
அரை விரல் மேலே துள்ளும்.
மேன்மைதங்கிய ஆளுநர் அவர்கள் சமூகத்திற்கு
என்று அடித்தால்
கும்பிட்ட வரியின் நடுவிலிருந்து
யாரோ கத்துவதுபோல் இருக்கும்.

காசிமேட்டிலிருந்து வருவாள் சவுரியம்மாள்.
சுவரில் நோட்டீஸ் ஒட்டிய மகனை
பிப்ரவரியில் ஏற்றிப் போனது ஜீப்.
கோர்ட்டுக்குப் போகலாமே என்றால்
அந்தக் கதவையும் சாத்தியாகிவிட்டது என்றார் வக்கீல்.
செவ்வாய்தோறும்
மீன்வாடை அடிக்கும் சில்லறை,
ஒரு பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்.
ஒன்பதாவது மனுவில்
மகனின் வயதைத் திருத்தச் சொன்னாள்.
இருபது இல்லை தம்பி, இருபத்தொண்ணு.
உள்ளேயே வயசு ஏறிப்போச்சு.

பத்தாவது மனுவுக்கு அவள் வரவில்லை.
மகன் வந்துவிட்டானா,
காசு தீர்ந்துவிட்டதா,
எதுவென்று இன்றுவரை தெரியாது எனக்கு.

ரெமிங்டன் போய் கம்ப்யூட்டர் வந்தது.
'ஆ' ஒழுங்காக வரியில் நிற்கிறது.
வருகிறவர்கள்தான் அப்படியே வருகிறார்கள்.
விசாரணைக்கென்று கூட்டிப்போய்
விரல் மடங்காமல் திரும்பி வந்தவன்,
கூவம் கரையில் வீட்டை இடித்து
லாரியில் ஏற்றிப்போய்
பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்ட குடும்பம்.
'முகவரி' என்ற கட்டத்தில்
எதை அடிக்க என்று கேட்டேன்.
பழசையே போடு, என்றார் அந்த மனிதர்.
நான் இன்னும் அங்கேருந்து கெளம்பல.

போன வியாழன் தேசம்மாள் வந்தாள்.
கணவன் கன்னியப்பன், முப்பத்தெட்டு,
வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடியின் மலக்குழி.
முகமூடி இல்லை, கயிறு இல்லை,
மேலே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவன்
இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு ஓடிப்போனான்.
மனித உரிமை ஆணையத்துக்கு மனு.
அச்சுவார்ப்பு ஒன்று தயாராக இருக்கிறது என்னிடம்.
பெயரை மாற்றினால் போதும்.

திரையில் விரல் வைத்துப் படித்தாள்.
எழுத்துக்கூட்டித்தான் படித்தாள்.
விரல் ஓரிடத்தில் நின்றது.
'தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது யாதெனில்.'
இன்னாத்துக்கு இது?

வழக்கம்மா, என்றேன்.

அவரு குழிக்குள்ள எறங்கினதையும்
வழக்கம்னுதான் சொன்னாங்க அந்த அபார்ட்மெண்ட்ல.

ஜூஸ் கடை மிக்ஸி ஓடி நின்றது.

தாழ்மைன்னா எம்மாந்தாழ?
இருவதடி எறங்கினவரோட பொண்டாட்டி நான்.
இன்னும் எம்மாந்தூரம் எறங்கணும், சொல்லு.

வேறென்ன போட?

கேக்குறேன்னு போடு.

பேக்ஸ்பேஸை அழுத்தினேன்.
எழுத்தும் புள்ளியும் காலுமாகக் கழன்று
பதினொரு அழுத்தில் போயிற்று அந்தச் சொல்.
அத்தனை லேசாக அது கழலும் என்று
நான் நினைத்திருக்கவில்லை.
சவுரியம்மாளுக்கு ஒன்பது முறை அடித்திருக்கிறேன் அதை.
ஒரு முறைகூட அவள் கேட்டு அடிக்கவில்லை,
என் விரல்தான் தானாகப் போட்டது.

நான் கேட்பது யாதெனில்,
என்று தொடங்கியது மனு.
தபால் பிரிவில் வாசகம் சரியில்லை என்று
திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள், சொல்லிவிட்டேன்.
அனுப்பட்டும், திரும்ப அடிப்ப இல்ல?
கையெழுத்திட்டாள், 'ம்'மின் கொம்பு பக்கத்துக் கோட்டில் இடிக்க.

முப்பது ரூபாய் என்றேன்.
வார்த்தை கொறஞ்சிருக்கே, காசு கொறையாதா?
சிரித்தாளா என்று பார்ப்பதற்குள்
பாரிமுனை சிக்னலில் பஸ்களுக்கு நடுவே
கையை நீட்டி வழிமறித்துப் போய்க்கொண்டிருந்தாள்.

வாடகை ஒப்பந்தம் ஒன்று, சார்,
என்று அடுத்த ஆள் குனிந்தார்.
திரையில் சின்னதாய் ஒரு பெட்டி:
மாற்றங்களைச் சேமிக்கவா?

இருங்க ஒரு நிமிஷம், என்றேன் அவரிடம்.